மனச்சோர்வைக் கண்டறிய 9 கேள்விகள்



பிரஷர், சுகர் பார்க்கக் கருவி இருக்கிறது. மனசுக்கு? கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பல நாடுகளிலும் பயன்படும் கேள்வித்தாள் பி.ஹெச்.க்யூ-9. இதைக் கணினியிலும் செல்போனிலும் கேட்கலாம். ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டக் கிராமங்களில், 2010-களின் நடுவில், ஆஷா பணியாளர்கள் கையடக்கக் கணினியில் இப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

என்ன கேட்கும்?

கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள்: எதிலும் நாட்டமின்மை, மனக்கவலை, தூக்கம், களைப்பு, பசி, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற எண்ணம், கவனக் குறைவு, மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமை, சாகலாம் என்ற நினைப்பு. இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3.

கணக்குப் போடுவோம்

ஒரு பெண்ணுக்குத் தூக்கம் 3, களைப்பு 3, பசி 2, நாட்டமின்மை 2, கவலை 2, மற்றவை 0. கூட்டினால் 12. மொத்தம் 27. பொதுவாக 10-ம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

12 வந்ததால் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. இது சல்லடை மாதிரி, சலித்துத்தான் கொடுக்கும். இரத்தசோகை, தைராய்டு இருந்தாலும் களைப்பு வரும். எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கணினியால் என்ன லாபம்?

கேள்வி விட்டுப்போகாது, கூட்டலில் தப்பு வராது. முகம் பார்த்துச் சொல்லக் கூசுவதைச் சிலர் திரையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மாமியாரோ கணவரோ பக்கத்தில் நின்றால் எல்லாவற்றுக்கும் "இல்ல"ன்னு அழுத்தத் தோன்றும். அழுத்தியதைத்தான் அது நம்பும். அதனால் தனியாக உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு நம்பிக்கையான ஒருவர் வாசித்துக் காட்டலாம்.

9-வது கேள்வி

இதற்கு 1 வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அன்றைக்கே கவனிக்க வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மனாஸ் எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். இது 2022 அக்டோபரில் தொடங்கியது.

குழுவில் முடிவு செய்ய வேண்டியவை

1. ஒருவரின் மதிப்பெண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதக் கூடாது. கடன் கொடுக்க அதைப் பார்க்கவும் கூடாது.

2. மருத்துவமனைக்குத் துணை போவது யார்?

3. கூட்டத்துக்கு 2 முறை வராதவரின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது யார்? அபராதம் பற்றி அப்புறம் பேசலாம்.