கடைவீதிக்குப் புத்துயிர்: புதுச்சேரி அனுபவமும் மலைநகரங்களும்

நகர வளர்ச்சி என்றவுடன் புறநகரில் எழும் குடியிருப்புகளும் அகன்ற சாலைகளுமே திட்டமிடுவோர் நினைவுக்கு வருகின்றன. நகரின் நடுவே, கோயிலையும் சந்தையையும் ஒட்டி, பல தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்தும் வணிகம் செய்தும் வரும் பழைய வீதிகள் அறிக்கைகளில் பெரும்பாலும் ‘போக்குவரத்து நெரிசல்’ என்னும் தலைப்பின் கீழேயே இடம்பெறுகின்றன. சிறு நகரங்களின் பொருளாதாரம் இவ்வீதிகளில்தான் அடங்கியுள்ளது. இவற்றைப் புதுப்பிக்கும் முயற்சி எப்போது வேரூன்றுகிறது, எப்போது வெள்ளையடிப்பதோடு நின்றுவிடுகிறது என்பதை ஆராயப் புதுச்சேரி நல்லதோர் எடுத்துக்காட்டு.

சிதைவின் காரணங்கள்

1761இல் ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்ட புதுச்சேரி, 1765 முதல் மீண்டும் எழுப்பப்பட்டது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியும் மேற்கே தமிழ்ப் பகுதியும் அமைந்தன. தமிழ்ப் பகுதி வீடுகளுக்குத் தனித்த அமைப்பு உண்டு. தெருவோரத்தில் தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதனை அடுத்துத் திண்ணை, உள்ளே முற்றம். மாடி எழுப்பிய செல்வர்கள் அதில் பிரெஞ்சுப் பாணி வளைவுச் சாளரங்களை வைத்தனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இக்கலப்புக்குப் பழைய சான்று. தாழ்வாரமும் திண்ணையும் வழிப்போக்கருக்கு நிழலும் இருக்கையும் தந்தமையால், வீடும் வீதியும் ஒன்றையொன்று சார்ந்து நின்றன.

இவ்வீடுகள் அழியக் காரணம் மக்களின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. ஒரே வீட்டுக்குப் பல வாரிசுகள் உரிமையாளராகும்போது, பழுதுபார்க்கும் செலவை ஏற்க எவரும் முன்வருவதில்லை; விற்றுப் பங்கிடுவதே சண்டையில்லாத வழியாகிறது. நகர நடுவே நிலத்தின் விலை உயர உயர, அதன்மீது நிற்கும் ஓரடுக்கு வீட்டைவிட வெறுநிலமே மதிப்புடையதாகிவிடுகிறது. சுண்ணாம்புக் காரைச் சுவர்மேல் சிமெண்டுப் பூச்சு பூசுவதால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உளுத்துப்போவதும் உண்டு. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இப்பழுதுபார்ப்பு, கவனியாமல் விடுவதைவிடக் கேடானது. 1990களில் இன்டாக் எனப்படும் இந்தியத் தேசியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளை கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,800ஆக இருந்த மரபுக் கட்டடங்கள், பின்னர் 1,200 அளவுக்குக் குறைந்தன. 1870களில் எழுந்த நகராட்சிக் கட்டடமான ‘மேரி’யே 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்து, மீண்டும் கட்டப்பெற்று 2021இல் திறக்கப்பட்டது. அரசின் கைவசமிருந்த கட்டடத்துக்கே இந்நிலை என்றால், தனியார் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வைசியாள் வீதி

இப்பின்னணியில், கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்று பெயர்பெற்ற வைசியாள் வீதியில் நடந்த பணி கவனத்துக்குரியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசியா உர்ப்ஸ்’ திட்டத்தின் கீழ், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ ஆகிய நகரங்களுடன் புதுச்சேரி இணைந்து, 2002 முதல் 2004 வரை இம்முயற்சியை மேற்கொண்டது. களப்பணியை இன்டாக் அமைப்பு ஏற்றது. தனித்தனிக் கட்டடங்களை ஆங்காங்கே பொறுக்கியெடுக்காமல், ஒரு வீதியின் ஒரு பகுதியை, அடுத்தடுத்து நிற்கும் சுமார் இருபது வீடுகளுடன் சேர்த்து முழுமையாக எடுத்துக்கொண்டதே இதன் சிறப்பு. அகற்றப்பட்ட தாழ்வாரங்களும் திண்ணைகளும் மீண்டும் அமைக்கப்பட்டன, முகப்புகள் சீர்செய்யப்பட்டன.

இதில் மாணவர்கள் ஊன்றி நோக்கவேண்டியது நிதி ஏற்பாடு. முகப்பைச் சீர்செய்யும் செலவை மானியம் முழுவதுமாக ஏற்கவில்லை. வீட்டு உரிமையாளரும் ஒரு பங்கை ஏற்றனர். இன்டாக் அமைப்பின் இணைமானிய முறையில் இப்பங்கு பொதுவாகச் சரிபாதியாகும். முழு மானியம் கிடைத்திருப்பின் வேலை விரைந்து முடிந்திருக்கலாம். ஆனால் தம் பணம் கலந்த சுவரை மனிதர் கவனிப்பது போல, இலவசமாகக் கிடைத்த சுவரைக் கவனிப்பதில்லை. பங்கு செலுத்துபவர் கேள்வி கேட்கிறார். கொத்தனாரின் வேலையைக் கண்காணிக்கிறார். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்கிறார். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது வரிசையில் இவ்வீதி இடம்பெற்றது.

குறை இல்லாமலும் இல்லை. முகப்பு பொதுமக்களுக்கு உரியது போலவும், அதற்குப் பின்னால் உள்ள வீடு உரிமையாளரின் சொந்தப் பாடு போலவும் திட்டம் பிரித்துவிட்டது. முற்றமும் கூரையும் பழுதுற்றால் அழகிய முகப்பு அதனைத் தாங்காது. சில வீடுகள் பயணியர் விடுதிகளாக மாறின. கட்டடம் பிழைத்தது, ஆயினும் மாலையில் திண்ணையில் அமர்ந்து பேசும் குடும்பம் அங்கு இல்லை. இதனை வெற்றி என்பதா, இழப்பு என்பதா என்பதில் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. இடிந்து மறைவதைவிட விடுதியாவது மேல் என்பது மறுக்க இயலாதது. ஆனால் வீதி முழுவதும் விடுதியானால் அது குடியிருப்பாக இராது.

குபேர் அங்காடி

வைசியாள் வீதிக்குச் சற்றுத் தெற்கே, நேரு வீதியை ஒட்டி அமைந்த பெரிய மார்க்கெட் வேறொரு பாடம் கற்பிக்கிறது. மணிக்கூண்டு நிற்கும் இச்சந்தை, எதுவார் குபேர் பெயரால் குபேர் அங்காடி என வழங்கப்படுகிறது. காய்கறி, மீன், பூ, மளிகை அனைத்தும் ஒரே இடத்தில் விற்கப்படும் இச்சந்தை நெரிசல் மிக்கது. வடிகாலும் தீயணைப்பு வழியும் போதாதவை. இவற்றைச் சீர்செய்ய வேண்டும் என்பதில் வியாபாரிகளுக்கே மாற்றுக் கருத்தில்லை. 2017இல் புதுச்சேரி பொலிவுறு நகரத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின், சந்தையை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் முன்வந்தபோது அவர்கள் எதிர்த்தனர். இடிக்கும் காலத்தில் எங்கே செல்வது, திரும்பி வரும்போது அதே இடம் கிடைக்குமா என்பவையே அவர்களது அச்சங்கள். நாள்தோறும் விற்று நாள்தோறும் உண்ணும் கூடைக்காரிக்கு, இரண்டாண்டு இடமாற்றம் என்பது வாடிக்கையாளரை அடியோடு இழப்பதாகும். வரைபடத்தில் இதற்கு இடமில்லை. வைசியாள் வீதியில் உரிமையாளர் பங்காளியாக்கப்பட்டார். சந்தையில் வியாபாரி அப்புறப்படுத்த வேண்டியவராக எண்ணப்பட்டார். இரண்டு வழிகளின் வேறுபாடும் இங்கேதான் தொடங்குகிறது.

அயல்நாட்டு அனுபவம் ஒன்று இங்கே பொருந்தும். அமெரிக்காவில் புறநகர் வணிக வளாகங்களால் சிறு நகரக் கடைவீதிகள் நலிந்தபோது, அங்குள்ள மரபுப் பாதுகாப்புத் தேசிய அறக்கட்டளை 1977இல் மூன்று சிறு நகரங்களில் சோதனை தொடங்கி, 1980இல் அதற்கென ஒரு மையத்தை நிறுவியது. ஒவ்வொரு கடைவீதிக்கும் முழுநேர மேலாளர் ஒருவர் வேண்டும் என்பது அச்சோதனையில் கண்ட உண்மை. கட்டடப் பழுது, வணிகர் அமைப்பு, விளம்பரம், புதிய தொழில் ஆகியவற்றை ஒருங்கே கவனிப்பவர் அவர். நம் நகராட்சிகளில் வடிகாலுக்குப் பொறியாளர் உண்டு. வாடகைக்கு வருவாய் ஆய்வாளர் உண்டு. கடைவீதி முழுமைக்கும் பொறுப்பேற்பவர் இல்லை.

மலைநகரங்களின் நிலை

புதுச்சேரி வழியைக் கேரளத்தின் இடுக்கி மலைப்பகுதிக்கு அப்படியே கொண்டுசெல்ல இயலுமா? தேயிலைத் தோட்டங்களைச் சுற்றித் தமிழ் மக்கள் பெருந்தொகையில் வாழும் மூணாறு, சூரியநெல்லி, சின்னக்கானல் கடைத்தெருக்களுக்கு இக்கேள்வி எழுகிறது. மூணாறு நகரம் 1924 வெள்ளத்தில் பேரழிவுற்று மீண்டும் எழுந்தது. மூணாற்றுக்கும் போடிமெட்டுக்கும் இடையிலான தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டு 2024இல் திறக்கப்பட்டபின், சுற்றுலா ஊர்திகள் இவ்வழியே விரைகின்றன. அவை நின்று செல்லும் கடைத்தெருவாக இச்சிற்றூர்கள் மாறுமா, கடந்து செல்லும் புள்ளிகளாக நின்றுவிடுமா என்பது அங்குள்ள வணிகரின் கவலை.

இங்கே இடையூறு நிலவுரிமை. 1971ஆம் ஆண்டுக் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தால் பெரும் நிலப்பரப்பு அரசின் வசம் வந்தது. எஞ்சியது தோட்ட நிறுவனத்திடம் நின்றது. மூணாறு கடைக்காரர் பலர் தாம் நிற்கும் நிலத்துக்கு உடைமையாளர் அல்லர். 2007இல் ஆக்கிரமிப்புகளை அகற்றும் அரசு நடவடிக்கையில் மூணாற்றிலும் சின்னக்கானலிலும் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 2010இல் கேரள உயர்நீதிமன்றம், சின்னக்கானல் உள்ளிட்ட எட்டுக் கிராமங்களில் வருவாய்த்துறையின் தடையின்மைச் சான்றின்றிக் கட்டடம் எழுப்பலாகாது என ஆணையிட்டது. சரியும் மலைச்சரிவைக் காக்க இக்கட்டுப்பாடு தேவையானதே. எனினும் சொகுசு விடுதியும் தகரக்கூரை வேய்ந்த தேநீர்க்கடையும் ஒரே வரிசையில் நிற்க நேர்கிறது. பட்டா இல்லாத கடைக்காரருக்கு வங்கி கடன் தராது. சரிபாதிப் பங்கு செலுத்த அவர் முன்வந்தாலும், பத்தாண்டு கழித்துத் தமக்கு அவ்விடம் இருக்குமா என்று அறியாமல் சுவருக்குச் செலவிடமாட்டார். ஆகவே மானியத்துக்கு முன்னதாக, நிலவுடைமையாளரான அரசோ நிறுவனமோ கடைக்காரர்க்கு நீண்டகாலக் குத்தகை ஆவணம் வழங்குவதும், கடைகளைக் கணக்கெடுத்து விடுதிகளினின்று வேறாகப் பிரிப்பதும் நடைபெற வேண்டும். அப்பணி ஊராட்சி, வருவாய்த்துறை, வணிகர் சங்கம் ஆகிய மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யவேண்டியது.