பாசி இழுத்த கரிவளி எங்கே போகிறது?

பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் வெள்ளை நார்க்கட்டாக விற்கும் அகார் அகாரைப் பார்த்திருப்பீர்கள். தீபாவளிக்கு அம்மா அதைக் காய்ச்சி, வண்ணம் சேர்த்து, தட்டில் ஊற்றி உறைய வைப்பார். அது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருள். “பாசி கரிவளியை இழுக்குமென்றால், அகார் அகார் நிறையச் சாப்பிட்டால் பூமியின் சூடு குறையுமா, டீச்சர்?” என்று படிவம் இரண்டு மாணவன் ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால் அது நல்ல கேள்வி.

அதில் பாதி உண்மை. கடல்நீரில் கரைந்த கரிவளியில் பெரும்பகுதி பைகார்பனேட்டாக இருக்கிறது. பாசி அதையும் பயன்படுத்தி ஒளிச்சேர்க்கை செய்கிறது. நீரில் கரிவளி குறைந்தால் காற்றிலிருந்து மேலும் கொஞ்சம் கரையும். பாசியின் வளர்ச்சியும் வேகமானது. சபா மாநிலத்தின் செம்பூர்ணா கடலில் 1970-களின் இறுதியிலிருந்து வேறொரு வகைப் பாசியை வளர்க்கிறார்கள். சிறு துண்டுகளைக் கயிற்றில் கட்டி, காலி பிளாஸ்டிக் போத்தல்களை மிதவையாக்கிக் கடலில் விடுவார்கள். ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. ஐஸ்கிரீமைக் குழைவாக வைத்திருக்கும் கராஜீனன் இதிலிருந்துதான் கிடைக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு டன் பச்சைப் பாசியில் சுமார் 900 கிலோ தண்ணீர். மீதி 100 கிலோவில் கால் பங்கு கரிமம் என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ. கரிம அணுவின் நிறை 12. கரிவளி மூலக்கூறின் நிறை 44. எனவே 25 × 44 ÷ 12, அதாவது சுமார் 92 கிலோ கரிவளி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரிவளி வெளிவரும். ஆக, ஒரு டன் பாசி 40 லிட்டர் பெட்ரோலுக்கு, அதாவது ஒரு சிறிய காரின் டாங்கிக்குச் சமம்.

அந்த 92 கிலோவும் திரும்பி வராமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. பாசிக்கு மரத்தைப்போல் கட்டை இல்லை, மண்ணில் இறங்கும் வேரும் இல்லை. மீன் தின்றாலும் கரையில் அழுகினாலும் அதன் கரிமம் விரைவிலேயே கரிவளியாகிவிடும். அகார் அகார் நம் வயிற்றில் பெரும்பாலும் செரிக்காத நார்ப்பொருள். ஆனால் வெளியேறிய பிறகு நுண்ணுயிரிகள் அதையும் சிதைத்துவிடும். (இதைச் சொன்னதும் வகுப்பு இரண்டாம் முறை சிரித்தது.)

ஆழ்கடலில் அமிழும் துண்டுகளும் அடிமண்ணில் புதையும் துண்டுகளும்தான் உண்மையான சேமிப்பு. இயற்கையாக வளரும் பாசிகளைக் கொண்டு டோர்ட்டே கிராவ்சே-யென்சனும் கார்லோஸ் துவார்த்தேயும் 2016-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 173 மில்லியன் டன் கரிமம் சேமிப்பாகிறது என்றது அது. பாசிகள் உற்பத்தி செய்வதில் இது சுமார் 11 விழுக்காடு மட்டுமே. மதிப்பீட்டின் கீழெல்லை 61 மில்லியன், மேலெல்லை 268 மில்லியன். இவ்வளவு அகன்ற இடைவெளி இருக்கும்போது, பாசிப் பண்ணை காற்றைச் சுத்தமாக்குகிறது என்னும் விளம்பரங்களை நான் அப்படியே நம்புவதில்லை.

நம் கிள்ளான் கடலோரத்தில் பாசிக் காடு ஏன் இல்லை? பாசிக்குப் பற்றிக்கொள்ளப் பாறையும், வெயில் இறங்கத் தெளிந்த நீரும் வேண்டும். இங்கே இருப்பது சேறு. ஆனால் அந்தச் சேறே இன்னொரு கிடங்கு. போர்ட் கிள்ளானிலிருந்து கேத்தாம் தீவுக்குப் படகில் போனால் வழியெங்கும் சதுப்புநிலக் காடு. அதன் இலைகளும் வேர்களும் சேற்றில் புதைகின்றன. நீர் ஊறிய சேற்றுக்குள் உயிர்வளி நுழைய முடியாததால் அவை மிக மெதுவாகத்தான் மட்கும். கரிமம் நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். காட்டை வெட்டிச் சேற்றைத் தோண்டினால் அது காற்றுபட்டுக் கரிவளியாகக் கிளம்பிவிடும். நீர் வற்றும் நேரத்தில் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு; சேற்றில் உயிர்வளி இல்லை என்பதற்கு அடையாளம். மூக்கைப் பொத்துவதற்கு முன் ஒரு முறை முகர்ந்து பாருங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு: உங்கள் வீட்டுக் கார் ஒரு மாதத்தில் எத்தனை லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது? பாசியில் 11 விழுக்காடுதான் சேமிப்பாகும் என்றால், அந்தக் கரிவளியை ஈடுகட்ட எத்தனை டன் பச்சைப் பாசி வேண்டும்? 40 லிட்டருக்கு எனக்கு வந்த விடை சுமார் 9 டன்.