ராம் பழுதும் அதன் பரிசோதனையும்

கேள்வி: என் கணினி அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. ராமை மாற்றிவிடலாமா? (ஒரு வாசகர், காரோடு)

பதில்: அவசரம் வேண்டாம். இடவப்பாதி, துலாவர்ஷம் என்னும் இரு பருவமழைகளும் மாறிமாறிப் பெய்யும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பிரதேசத்தில், ஈரமும் தூசியும் ராமின் தங்கமுலாம் பூசிய முனைகளில் படிந்து, நல்ல ராமையே பழுதெனத் தோன்றச் செய்வதுண்டு. ஆதலால் மின்னிணைப்பைத் துண்டித்து, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, ராமைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் முனைகளை மெதுவாகத் துடைத்து, உலர்ந்தபின் கொக்கி பூட்டும் சப்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.

உபத்திரவம் தொடர்ந்தால், 1994-இல் கிறிஸ் பிராடி உருவாக்கிய மெம்டெஸ்ட்86 நிரலைப் பென்டிரைவிலிருந்து துவக்கி, இரவு முழுதும் ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை தென்பட்டாலும் அதை அலட்சியம் செய்யலாகாது. கெட்டுப்போன ஒரு பிட், எவ்வித எச்சரிக்கையுமின்றி, உங்கள் குழந்தைகளின் புகைப்படங்களையும் கணக்குகளையும் சிதைத்துவிடக்கூடும் என்பதே என் கவலை. இரண்டு ராம்கள் இருப்பின் ஒவ்வொன்றையும் தனித்தனியே, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். இரண்டிலும் பிழை வந்தால் ஸ்லாட்டையோ மதர்போர்டையோ சந்தேகிப்பதே நியாயம். ராமிலேயே பழுது என உறுதியாகிப் புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். டிடிஆர்3-க்கும் டிடிஆர்4-க்கும் வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது.