விசிட் விசாவும் வாய்மையும்

ரிஷிவந்தியத்துச் சகோதரி ஒருவர், கனடாவிலுள்ள கணவரோடு நிரந்தரமாக வாழ மனுச் செய்து காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிவு வருமுன் விசிட் விசாவில் சென்று பார்த்து வரலாமா? மஹ்ரமான ஆண் துணையோடு தாராளமாகச் செல்லலாம். போர்வீரர் மனைவியரின் பிரிவுத் துயரறிந்து, கணவர் பிரிந்திருப்பதற்குத் தவணை வகுத்தவர்கள் உமர் (ரலி) அவர்கள்.

ஆனால் மனுவை மறைத்து, “ஊர் சுற்றிப் பார்க்கவே போகிறேன்” என்று பொய்யுரைப்பது ஹராம். அதற்குத் தேவையுமில்லை. குடியேறும் எண்ணமுள்ளவரும், தவணைக்குள் திரும்புவாரென அதிகாரி நம்பினால், தற்காலிகமாக வரத் தடையில்லை என்கிறது கனடாவின் 2001-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், பிரிவு 22(2). ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுவோம். விசாவின் நிபந்தனையும் ஓர் ஒப்பந்தமே. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருக்குர்ஆன் (5:1) கட்டளையிடுகிறது.

அங்கே 15 நாளோ அதற்கு மேலோ தங்க நிய்யத் செய்தால், ஹனஃபி மத்ஹபில் கஸ்ரு இல்லை. முழுமையாகத் தொழ வேண்டும்.

பிரிந்தோரை அல்லாஹ் நேர்வழியில் ஒன்றுசேர்ப்பானாக, ஆமீன்.