மரபணுவில் கை வைக்கலாமா?



மரபணு மாற்றம் என்றதும் "அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஹராம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அப்படி மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்ற ஷைத்தானின் சூளுரை அன்னிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அபூதாவூதில் வரும் அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியையும் பாருங்கள். போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார். அது துர்நாற்றம் எடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கத்தைத் தடுத்த அதே நபி! அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களை அவர்கள் சபித்ததும் ஹதீஸ்தான். இழந்ததைச் சீர்செய்வது வேறு, இருப்பதை ஆசைக்காக மாற்றுவது வேறு.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிகழ்வுகளைப் பாருங்கள்.

2023 நவம்பரில் பிரிட்டன் 'காஸ்ஜெவி' என்ற சிகிச்சைக்கு அனுமதி தந்தது. தலசீமியா, அரிவாள் செல் சோகை நோயாளிகளின் இரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, மரபணுவைத் திருத்தி, அவர்களுக்கே திரும்பச் செலுத்துகிறார்கள். மாற்றம் அந்த நோயாளியோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தையை வைத்திருக்கும் பெற்றோருக்கு இதன் அருமை தெரியும்.

2018இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் செய்தது வேறு. எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க என்று சொல்லி, கருவிலேயே மரபணுவை மாற்றினார். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. தந்தைக்குத்தான் அந்தத் தொற்று. அது குழந்தைக்கு வராமல் தடுக்க விந்தணுவைச் சுத்திகரிக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. அப்படியானால் 'தேவை' எங்கே? அந்த மாற்றம் அவர்களின் சந்ததிக்கும் போகலாம். அவர்களிடம் யார் சம்மதம் கேட்டது? சீன நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறை விதித்தது.

அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1998இல், மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில் இதற்கு வரம்பு வகுத்துவிட்டது. நோயைத் தடுக்க, குணப்படுத்த, அதைவிடப் பெரிய தீங்கு வராது என்றால் ஆகுமானது. மனித இனத்தை மேம்படுத்துகிறோம் என்ற பெயரில் மரபணுவோடு விளையாடுவது கூடாது. தேவை இருக்க வேண்டும், சம்மதம் வேண்டும், பரிசோதனை முடிவு இரகசியமாக இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனை விஞ்ஞானிகளுக்கு மட்டுமல்ல. ஒரு வீட்டில் தலசீமியா மரபணு இருப்பது தெரிந்ததும் ஊர் முழுக்கப் பரப்பி, அந்தப் பெண்ணுக்கு வரும் சம்பந்தங்களைக் கலைப்பவர்களும் அதைப் படிக்க வேண்டும்.