கயிற்றை இழுக்கும் முன்

ஃபீனிக்ஸ் பே படகுத்துறை. காலை நேரம். ஹேவ்லாக் என்று நாம் பழகிய ஸ்வராஜ் தீவுக்குப் போகும் கப்பல் நிற்கிறது. பயணிகள் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

கப்பல் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கயிற்றைப் பார்க்கிறார்கள். இன்ஜினைப் பார்க்கிறார்கள். எல்லாம் சரி என்றால்தான் கட்டை அவிழ்க்கிறார்கள். பக்கத்தில் கப்பல் பழுது பார்க்கும் தளம் இருக்கிறது. உப்புக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று அங்கே வேலை செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்குப் பழுது பார்க்கும் தளத்தில் வேலை. அம்மா இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நாள் அவள் ஓடி வந்தாள்.

“அப்பா, நாங்க ராக்கெட் கிளப் ஆரம்பிக்கப் போறோம்!”

“அப்படியா? எதை வச்சு விடுவீங்க?”

“பட்டாசைப் பிரிச்சு, மருந்தைக் குழாயிலே அடைக்கலாம்னு பெரிய பசங்க சொல்றாங்க.”

அப்பாவின் முகம் மாறியது. “அது மட்டும் வேண்டாம்மா. அது ராக்கெட் இல்லை, வெடி. கை போயிடும், கண் போயிடும்.”

மகளின் முகம் வாடியது. அம்மா குறுக்கிட்டார். “பிள்ளை ஆசையை ஒரேயடியா அடக்காதீங்க. ஆபத்து இல்லாம எப்படி விடுறதுன்னு கேட்டுப் பார்ப்போம்.”

அம்மா சொன்னது நல்ல யோசனை. நாமும் தெரிந்துகொள்வோம்.

நம் தீவும் ராக்கெட்டும்

ஆந்திராவில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. இந்தியாவின் பெரிய ராக்கெட்டுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பல ராக்கெட்டுகள் கிழக்கே, வங்கக் கடலுக்கு மேலே பறக்கின்றன. அவை சரியான வழியில் போகின்றனவா என்று யாராவது பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காக நம் ஊரில் இஸ்ரோவின் கண்காணிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. போர்ட் பிளேர் என்று இருந்த நம் ஊரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று மாறியது. ராக்கெட்டைக் கவனிக்கும் வேலை மாறவில்லை.

தும்பாவில் நடந்தது

இந்தியாவில் விண்வெளி ஆராய்ச்சிக்கான முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பியது. இடம், திருவனந்தபுரத்துக்கு அருகில் உள்ள தும்பா என்ற மீனவர் கிராமம். அங்கே இருந்த மாதா கோயில் கட்டடத்தில் வைத்துத்தான் ராக்கெட்டைப் பூட்டினார்கள். ராக்கெட்டின் பெயர் நைக் அப்பாச்சி. அது அமெரிக்காவில் செய்யப்பட்டது.

ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அந்தக் குழுவில் இருந்தார். ராக்கெட்டின் பாகங்களை ஒன்று சேர்ப்பதும் பாதுகாப்பும் அவர் பொறுப்பு. அன்று நடந்ததை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ராக்கெட்டைக் கிரேனால் தூக்கி ஏவு மேடையில் வைக்கப் போனார்கள். திடீரென்று ராக்கெட் சாய்ந்தது. கிரேனில் எண்ணெய் கசிந்துவிட்டது! ராக்கெட் கிளம்பும் நேரமும் நெருங்கிவிட்டது. பழுது பார்க்க நேரம் இல்லை. எல்லோரும் சேர்ந்து கையாலேயே தூக்கி மேடையில் வைத்தார்கள். ராக்கெட் நல்லபடியாகக் கிளம்பியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அன்று ராக்கெட்டில் குறை இல்லை. அதைத் தூக்கிய கருவியில்தான் குறை.

செருப்புக் கடைக்காரர் செய்த நன்மை

1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக் கோளை அனுப்பியது. உலகம் எங்கும் ராக்கெட் ஆசை பரவியது. அமெரிக்காவில் பல சிறுவர்கள் தாங்களே மருந்து கலந்து ராக்கெட் செய்யப் பார்த்தார்கள். பலருக்குக் காயம் ஏற்பட்டது.

ஆர்வில் கார்லைல் என்பவர் அங்கே செருப்புக் கடை வைத்திருந்தார். அவர் காகிதத்தாலும் லேசான மரத்தாலும் சிறிய ராக்கெட் செய்தார். ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் அதைப் பார்த்தார். பிள்ளைகள் மருந்தைத் தொடவே கூடாது, தொழிற்சாலையில் செய்த சிறு மோட்டாரை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. 1957-இல் ஸ்டைன் ஒரு சங்கமும் தொடங்கினார். மாதிரி ராக்கெட் கிளப்புகள் இப்படித்தான் வளர்ந்தன.

அந்தச் சங்கத்தின் ஒரு விதியை நாமும் நினைவில் வைப்போம். ராக்கெட் கிளம்பவில்லை என்றால் உடனே கிட்டே போகக் கூடாது. ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது குற்றம். இதற்கு 1884-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியானால் நம் பிள்ளைகள் எதை விடுவது? தண்ணீர் ராக்கெட் விடலாம்.

தண்ணீர் ராக்கெட்

பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விடுங்கள். காற்று ஒரு பக்கம் பாயும். பலூன் மறு பக்கம் ஓடும். தண்ணீர் ராக்கெட்டும் அதுபோலத்தான்.

பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்ற வேண்டும். தலைகீழாக மேடையில் பொருத்த வேண்டும். சைக்கிள் பம்பால் காற்று அடிக்க வேண்டும். பிறகு கயிற்றை இழுத்தால் பூட்டு விலகும். உள்ளே இருக்கும் காற்று தண்ணீரைக் கீழே தள்ளும். பாட்டில் தென்னை மர உயரத்துக்குப் பாயும்.

கலர், சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் ஏற்றது. அது காற்றின் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. சாதாரணத் தண்ணீர் பாட்டில் மெல்லியது. கண்ணாடி பாட்டிலைத் தொடவே கூடாது. ராக்கெட்டின் மூக்கை அட்டையால் செய்யுங்கள். ஆணி, தகரம் வேண்டாம்.

காற்று 30 முதல் 40 பவுண்டு போதும். அளவு காட்டும் பம்பாக வாங்குங்கள். “இன்னும் நாலு அடி அடி” என்று பிள்ளைகள் கத்துவார்கள். கேட்காதீர்கள். அளவு மீறினால் பாட்டில் வெடிக்கும்.

ஏவு மேடை

மேடைக்குக் கனமான பலகை வேண்டும். பாட்டிலின் வாயை அடைக்க ரப்பர் வாஷர் வேண்டும். பாட்டிலைப் பிடித்து வைக்க இரும்புப் பின் வேண்டும். பின்னில் 5 மீட்டர் கயிறு கட்ட வேண்டும். பம்புக்கும் மேடைக்கும் நடுவே நீளமான குழாய் வேண்டும்.

மோட்டார் சைக்கிள் டியூப் வால்வை எங்கே பொருத்துவது? பம்பு இருக்கும் பக்கத்தில் பொருத்துங்கள். பின் சிக்கிக்கொண்டால் பாட்டில் அருகே யாரும் போக வேண்டியதில்லை. ஒரு நிமிடம் காத்திருங்கள். பம்பைக் கழற்றி, தள்ளி நின்றபடியே வால்வின் ஊசியை அழுத்துங்கள். காற்று இறங்கிவிடும். கொஞ்சம் தண்ணீர் பீச்சும். பயம் இல்லை.

உப்புக் காற்றிலிருந்து காப்பது

நம் தீவில் மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். அதனால் பின் துருப்பிடிக்கும். துருப்பிடித்த பின் சிக்கும். ஆகவே விளையாட்டு முடிந்ததும் இவற்றைச் செய்யுங்கள்:

1. பின்னையும் திருகுகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். லேசாக கிரீஸ் தடவுங்கள்.
2. ரப்பர் வாஷரை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.
3. கயிற்றை விரலால் தடவிப் பாருங்கள். பிரி விட்டிருந்தால் புதிய கயிறு கட்டுங்கள்.
4. குழாயையும் பாட்டில்களையும் வெயிலில் போடாதீர்கள். வெயில் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.
5. கீறல், நசுங்கல், வெண்மையான கோடு உள்ள பாட்டிலை ஒதுக்குங்கள்.

கிளப் நடத்தும் முறை

பள்ளி மைதானம் நல்ல இடம். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்குங்கள். நம் ஊரில் விமான நிலையமும் கடற்படையும் இருப்பதால் காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். படகுத்துறை அருகே வேண்டாம். அங்கே ஆட்கள் நடமாட்டம் அதிகம், எரிபொருளும் இருக்கும்.

ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒருவர் பம்பு அடிக்கட்டும். ஒருவர் கயிற்றைப் பிடிக்கட்டும். ஒருவர் கூட்டத்தை 15 மீட்டர் தள்ளி நிறுத்தட்டும். பெரியவர் ஒருவர் எப்போதும் உடன் இருக்க வேண்டும். பம்பு அடிப்பவரும் கயிறு பிடிப்பவரும் கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். பலத்த காற்று வீசும் நாளில் ராக்கெட் வேண்டாம். விழுந்த பாட்டிலை எண்ணிப் பொறுக்குங்கள். ஒன்றுகூடக் கடலுக்குப் போகக் கூடாது.

இன்னொரு முக்கியமான வேலையும் இருக்கிறது. அது நோட்டு எழுதும் வேலை. ஒவ்வொரு பாட்டிலுக்கும் எண் கொடுங்கள். எந்த நாளில் விட்டது, எத்தனையாவது தடவை, யார் சோதித்தது என்று எழுதுங்கள். 15 தடவை பறந்த பாட்டிலுக்கு ஓய்வு என்று கிளப்பில் முடிவு செய்துகொள்ளலாம்.

அம்மாவின் நோட்டு

நம் கதையின் அம்மா அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“மூணாம் நம்பர் பாட்டில். பதினஞ்சு தடவை.”

“அம்மா, அதுதான் நல்லா உயரமாப் போகும். இன்னும் ஒரே ஒரு தடவை!”

அம்மா நோட்டைக் காட்டினார். “போதும்னு இதிலே இருக்கு. நீயே படி.”

மகள் படித்தாள். மூன்றாம் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. ஒன்றும் சொல்லாமல் ஏழாம் பாட்டிலை எடுத்து வந்தாள்.

அப்பா பின்னைச் சோதித்தார். பிள்ளைகள் தள்ளி நின்றார்கள். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று! மகள் கயிற்றை இழுத்தாள். பாட்டில் தண்ணீரைச் சிதறிக்கொண்டு வானத்தில் ஏறியது.

அம்மா நோட்டைத் திறந்து எழுதினார்: ‘ஏழாம் பாட்டில். முதல் தடவை. எல்லோரும் நலம்.’

சொல் அறிவோம்

ஏவு மேடை – ராக்கெட்டை நிறுத்தி வைத்து விடும் மேடை
அழுத்தம் – அடைத்து வைத்த காற்று தள்ளும் விசை
உரிமம் – அரசு தரும் அனுமதி, லைசென்ஸ்

பதில் எழுதுங்கள்

1. தும்பாவில் எந்தக் கருவியில் குறை ஏற்பட்டது?
2. டியூப் வால்வை ஏன் பம்பு அருகில் பொருத்த வேண்டும்?
3. ராக்கெட் கிளம்பவில்லை என்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பேசுங்கள்

உங்கள் வேலையில் தினமும் சோதிக்க வேண்டிய கருவி எது? அதற்கு ஒரு நோட்டு வைத்தால் அதில் என்னென்ன எழுதுவீர்கள்?