ஐந்தாண்டு ஃபில்டரை எடுத்துவிடுங்கள்

ஆய்வு மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்றுதான். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் எதைத் தேடினாலும் திரையின் இடப்பக்கத்தில் 1 ஆண்டு, 5 ஆண்டுகள், 10 ஆண்டுகள் என்று தெரிவுகள் வரும். முதல் தேடலில் அவற்றைத் தொடாதீர்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவுடன் சொல்லித் தரப்படுவது இதற்கு நேர்மாறானது: ரெஃபரன்ஸ் எல்லாம் அண்மைக் காலத்தவையாக இருக்க வேண்டும், பழையதைக் காட்டினால் வைவாவில் கேள்வி வரும், ஆகவே ஐந்தாண்டு ஃபில்டரைப் போட்டுவிட்டுத் தேடு. இதை எதிர்த்துப் பேசுபவருக்குப் பழம்பஞ்சாங்கம் என்ற பட்டம் கிடைக்கும். எனக்கும் கிடைத்திருக்கிறது. அதற்காக வாதத்தை விடுவதாக இல்லை. தரவுத்தளத்தில் தேடும்போது நேரக்கூடிய பிழைகளில் மிகப் பெரிய விலை கேட்பது இதுதான். தேடுசொல் தவறாக இருந்தால் சம்பந்தமில்லாத கட்டுரைகள் வரும், உடனே திருத்திக்கொள்ளலாம். ஆண்டெல்லை தவறாக இருந்தாலோ வருவதெல்லாம் சம்பந்தமுள்ளதாகவே இருக்கும். விடுபட்டது விடுபட்டதென்றே தெரியாது.

வேகத்தை நான் குறை சொல்லவில்லை. ஜான் ஷா பில்லிங்ஸ் 1879-ல் தொடங்கிய 'இண்டெக்ஸ் மெடிகஸ்' தொகுதிகளை ஆண்டுவாரியாகப் புரட்டி, துண்டுச் சீட்டில் குறிப்பெடுத்து, இதழ் எந்த நூலகத்தில் இருக்கிறதென்று விசாரித்துத்தான் மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு நூற்றாண்டை ஓட்டினார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1964-ல் அந்தக் குறிப்புகளைக் கணினிக்கு ஏற்றியது, 1971-ல் மெட்லைன் என்ற பெயரில் தொலைபேசி இணைப்பு வழியே தேட விட்டது, 1997-ல் பப்மெட்டை உலகம் முழுமைக்கும் இலவசமாகத் திறந்தது. இன்று அதில் மூன்றரைக் கோடிக்கு மேல் குறிப்புகள் இருக்கின்றன. கணக்குத் தொடங்குவது, தேடுசொற்களை அண்ட், ஆர் போட்டு இணைப்பது, முடிவுகளை ஸொட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேமிப்பது எல்லாம் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடியவை. அவற்றில் தடுமாறி யாருடைய ஆய்வும் கெட்டதில்லை. கெடுப்பது, தளம் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் தந்ததும் தேடல் முடிந்துவிட்டது என்று நம்புவது. தளம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தைத் தேடலுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததை ஆய்வுக்கு வரும் ஒவ்வொருவரும் விவரமாகப் படிக்க வேண்டும். நலமாக இருப்பவரின் மூச்சுக்குழாய் எப்படிச் சுருங்காமல் காத்துக்கொள்கிறது என்பதை அறிந்தால் ஆஸ்துமாவைப் புரிந்துகொள்ளலாம் என்ற நோக்கில் ஓர் ஆய்வு. அதற்காகத் தன்னார்வலர்களுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற வேதிப்பொருளை முகரக் கொடுத்தார்கள். 1950-களில் இரத்த அழுத்தத்துக்கு மருந்தாக இருந்து, பிறகு வழக்கொழிந்த பொருள் அது. மூன்றாவதாக அதை முகர்ந்தவர் நோயில்லாத, 24 வயதுப் பெண். இருமலில் தொடங்கியது, நுரையீரல் செயலிழந்தது. ஜூன் 2-ஆம் தேதி இறந்தார். ஜூலையில் அந்தப் பல்கலைக்கழகத்தில் மத்திய அரசின் நிதியில் மனிதர்கள் மீது நடந்துவந்த ஏறத்தாழ எல்லா ஆய்வுகளையும் அமெரிக்க அரசு நிறுத்தி வைத்தது. விசாரணையில் வெளிவந்த விவரம்தான் நமக்கு முக்கியம். ஆய்வுக்கு முன் அந்த மருந்தின் பாதுகாப்பு பற்றித் தேடியிருந்தார்கள். பப்மெட்டைப் பார்த்திருந்தார்கள், பாடநூல்களைப் பார்த்திருந்தார்கள். ஆனால் அன்றைய பப்மெட் 1966-லிருந்துதான் தொடங்கியது. ஹெக்ஸாமெத்தோனியம் நுரையீரலைப் பாதிக்கிறது என்ற எச்சரிக்கைகள் 1950-களின் இதழ்களில் அச்சாகியிருந்தன. செய்தி வெளியானதும் மருத்துவ நூலகர்கள் அந்தப் பழைய கட்டுரைகளை எளிதாகவே எடுத்துக் காட்டினார்கள். அவை நூலக அடுக்கில் தொடர்ந்து இருந்தவைதாம்.

அந்த மரணத்துக்குத் தேடல் ஒன்றே காரணமா என்று மறுப்பவர்கள் உண்டு. நெறிமுறைக் குழு ஏன் ஒப்புதல் தந்தது, முதலில் பங்கேற்றவருக்கு இருமல் வந்தபோதே ஏன் நிறுத்தவில்லை, ஒப்புதல் படிவம் போதுமானதாக இருந்ததா என்ற கேள்விகளும் அன்றே எழுந்தன. எழுந்தது நியாயம்தான். ஆனாலும் அந்தப் பழைய கட்டுரைகளுள் ஒன்றாவது ஆய்வுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தால், நெறிமுறைக் குழுவின் மேசையில் அது கிடந்திருக்கும், இருமலை யாரும் சாதாரண இருமலாகக் கொண்டிருக்க முடியாது. பின்னால் வரும் காவல்கள் எல்லாம் முதலில் தேடியவர் எதைக் கொண்டுவந்தார் என்பதை நம்பியே நிற்கின்றன. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1966 என்ற எல்லையை அந்த ஆய்வாளர்கள் தாங்களாகப் போடவில்லை. அது தளத்துக்குள்ளேயே இருந்த எல்லை. அவர்களைக் குறை சொல்லும் நாம், இன்று தளமே கேட்காத எல்லையை, அதுவும் வெறும் ஐந்தாண்டு எல்லையை, நம் கையாலேயே போட்டுக்கொள்கிறோம்.

இப்போதுதான் பழையதெல்லாம் ஏறிவிட்டதே என்பார்கள். பாதிதான் உண்மை. 1940-களின் நடுப்பகுதி முதலான குறிப்புகள் பின்னர் பப்மெட்டில் சேர்க்கப்பட்டன. ஆனால் மெட்லைன் குறிப்புகளோடு ஆய்வுச்சுருக்கம் சேரத் தொடங்கியது 1975-லிருந்து. அதற்கு முந்தைய குறிப்பு பெரும்பாலும் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பொருட்சொற்களும் மட்டுமே. ஒரு மருந்தின் பக்கவிளைவு கட்டுரையின் உள்ளே நான்காம் பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கவிளைவின் பெயரைத் தட்டித் தேடுபவருக்கு அது அகப்படாது. ஆகவே 1975-க்கு முன்னால் தேடும்போது மருந்தின் பெயரை, அல்லது உயிரினத்தின் பெயரை மட்டும் கொடுங்கள், வேறு நிபந்தனை வேண்டாம். வரும் தலைப்புகளைக் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிடலாம். பழைய இதழ் கைக்கு எட்டாது என்ற பேச்சும் முழுக்கச் சரியில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் 1840 முதலான பக்கங்கள் பப்மெட் சென்ட்ரலில் வருடியெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன, அதுவும் இலவசமாக. பல துறைகளில் புதிய கட்டுரைக்குத்தான் டாலர் கேட்கிறார்கள்.

வலுவான எதிர்வாதம் வேறு. அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டே போவது, பழையது காலாவதியானது, காலாவதியானதைப் படித்து என்ன பயன் என்பது. சில துறைகளுக்கு இது பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். மொழிக்கணினியியலில் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்பே 2017-ல் வந்தது. அங்கே ஐந்தாண்டு என்பது நெடுங்காலம். ஆனால் அந்தத் துறையின் வழக்கத்தை மருந்தியலுக்கும் தாவரவியலுக்கும் அப்படியே சுமத்துவது முறையல்ல. காலாவதியாவது விளக்கமும் கருவியும். ஒரு மருந்து ஒருவர் நுரையீரலை என்ன செய்தது என்ற பதிவு காலாவதியாவதில்லை. தாவரப் பெயரிடலில் முன்னுரிமை விதியே லின்னேயஸின் 1753-ஆம் ஆண்டு நூலிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஐந்தாண்டு ஃபில்டரைப் போட்டுக்கொண்டு வகைப்பாட்டியல் செய்யவே முடியாது.

நம் மாணவர்கள் ஆண்டுதோறும் எடுக்கும் தலைப்பையே பார்ப்போம்: கீழாநெல்லியும் மஞ்சள்காமாலையும். 1987-ல் வெங்கடேஸ்வரன், மில்மன், புளூம்பெர்க் மூவரும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மீது அதன் சாறு வேலை செய்வதாக அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமியின் இதழில் எழுதினார்கள். செடிக்கு அவர்கள் இட்ட பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. அடுத்த ஆண்டே தியாகராஜனும் சென்னை ஆய்வாளர்களும், அவர்களோடு அதே வெங்கடேஸ்வரனும் புளூம்பெர்க்கும் சேர்ந்து, லான்செட்டில் மனிதர்கள் மீதான சோதனையை வெளியிட்டார்கள். வைரஸைச் சுமந்திருந்தவர்களில் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்புறப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது, போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. இந்தக் கட்டுரையின் தலைப்பில் நிரூரி இல்லை, ஃபில்லாந்தஸ் அமரஸ் என்றிருக்கிறது. தென்னிந்தியாவில் கீழாநெல்லியாகப் புழங்குவது பெரும்பாலும் அமரஸ்தான். 1990-ல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதே லான்செட்டில், அமரஸ் கொடுத்தும் பயன் தெரியவில்லை என்று எழுதினார்கள். ஐந்தாண்டு ஃபில்டர் போட்டவருக்கு இந்த மூன்றுமே கிடைக்காது. அவருக்குக் கிடைப்பது, முதலிரண்டைப் பாராட்டி மேற்கோள் காட்டிவிட்டு மூன்றாவதை விட்டுவிடும் அண்மைக் கட்டுரையாக இருக்கலாம். அதை நம்பித் தொடங்கும் ஆய்வு முப்பதாண்டுக்கு முன் முடிந்த ஒரு சர்ச்சையைச் சர்ச்சையென்றே தெரியாமல் திரும்ப நடத்தும். பேரினப் பெயரை மட்டும் கொடுத்து, ஆண்டெல்லை இல்லாமல் தேடினால் மூன்றும் வரும்.

புதியது என்பதே தரத்துக்குச் சான்று என்ற எண்ணமும் இந்த ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கொரோனா காலத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி லான்செட்டில் 2020 மே 22 அன்று வந்த கட்டுரை, அடிப்படைத் தரவை யாரும் சரிபார்க்க முடியாததால் ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. உலகின் மிகப் புதிய கட்டுரைகளுள் ஒன்றாக இருந்தபோதுதான் அது மிகத் தவறாகவும் இருந்தது. பழைய கட்டுரைக்கு ஒரு நன்மை உண்டு. அதை மறுத்தவர்களும் உறுதிப்படுத்தியவர்களும் ஏற்கெனவே எழுதி முடித்திருப்பார்கள். யூஜின் கார்ஃபீல்ட் 1960-களில் உருவாக்கிய மேற்கோள் அட்டவணையின் பயனே இதுதான். ஒரு பழைய கட்டுரையைப் பிடித்து, அதைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று இன்றுவரை வர முடியும். வெப் ஆஃப் சயின்ஸும் ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் இதை ஒரே சொடுக்கில் தருகின்றன. கட்டுரைகள் குவிகின்றன, எல்லாவற்றையும் யார் படிப்பது என்று கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது. கேள்வியைக் குறுக்குங்கள், ஆய்வின் வகையைக் குறுக்குங்கள், மேற்கோள் இழையைப் பிடித்துக்கொண்டு போங்கள். இவற்றுக்கெல்லாம் காரணம் சொல்ல முடியும். ஐந்து என்ற எண்ணுக்கு மட்டும் எந்தக் கைடும் காரணம் சொல்லி நான் கேட்டதில்லை.

பழையதைப் பார்க்காததன் விலை தனி ஆய்வோடு நிற்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-ல் எபோலா பரவி, மூன்று நாடுகளில் 11,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். லைபீரியாவில் எபோலா இதற்கு முன் இருந்ததில்லை என்றே நம்பியிருந்தார்கள். ஆனால் லைபீரியர்களின் இரத்த மாதிரிகளில் எபோலாவுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறது, அந்நாட்டையும் எபோலா மண்டலத்தில் சேர்க்க வேண்டும் என்று 1982-லேயே ஓர் ஐரோப்பிய இதழில் கட்டுரை வந்திருந்தது. 2015-ல் லைபீரியச் சுகாதார அதிகாரிகளே இதை நியூயார்க் டைம்ஸில் எழுதினார்கள். அத்தகைய கட்டுரை ஒன்றைத் தரவிறக்க 45 டாலர், அது அங்குள்ள மருத்துவரின் அரை வாரச் சம்பளம் என்றும் எழுதினார்கள். அங்கே தடுத்தது பணமும் தூரமும். நமக்கு அந்தச் சாக்கு குறைந்துவருகிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், மூன்றாண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் முதல் கட்டத்தில் இல்லை என்பது பெரிய குறை. அவர்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் பல்கலைக்கழகம் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் இன்றே நூலகரிடம் போங்கள். அவரைப் பூட்டுச் சாவிக்காரராக நடத்தாதீர்கள். ஹெக்ஸாமெத்தோனியம் பற்றிய 1950-களின் கட்டுரைகளை எடுத்துக் காட்டியவர்கள் நூலகர்கள்தாம். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தொகுத்துத் தரச் சொன்னால், அது தரும் ஒவ்வொரு மேற்கோளும் உண்மையிலேயே இருக்கிறதா என்று தளத்தில் சரிபாருங்கள். இல்லாத கட்டுரைகளையும் அது கூசாமல் தரும். எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களைக் கொடுத்து, எந்த ஆண்டு முதல் தேடினீர்கள் என்று ஆய்வேட்டிலேயே எழுதிவிடுங்கள். வைவாவில் தேர்வாளர் பழைய ரெஃபரன்ஸ் ஏன் என்று கேட்டால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, ஐந்தாண்டுக்கு முந்தையதை ஏன் விட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். மாணவரின் ஆய்வுத் திட்டத்தில் கையெழுத்திடும் கைடுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ரெஃபரன்ஸ் பட்டியலில் எத்தனை புதியவை என்று எண்ணுவதற்கு முன், மிகப் பழையது எந்த ஆண்டு என்று பாருங்கள்.